அய்யம்மாள் வாங்கிய ரேஸ் கம்ப்யூட்டர்

ஓடைப்பட்டி அய்யம்மாள் தனது நாற்பத்தேழாவது வயதில்தான் தனக்கென்று ஒரு பொருள் வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டாள். கேட்டது கம்ப்யூட்டர். எதற்கு என்று புருஷன் சீனிச்சாமி விசாரித்தபோது, "கார் ஓட்ட" என்றாள்.

சீனிச்சாமி தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "சரி, யாராச்சும் கேட்டா தெராச்சை வெல பாக்க வாங்குனோம்னு சொல்லிக்கிருவோம்."

"எதுக்கு அப்படிச் சொல்லணும்? வெளையாடத்தான் வாங்குறேன். களவாண்டா வாங்குறேன்?"

இது நடந்தது 2007இல். மேகமலை அடிவாரத்தில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். வீடும் தோட்டத்துக்குள்ளேயேதான். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. கவாத்து வெட்டுவது, மருந்தடிக்க ஆள் பிடிப்பது, வியாபாரியிடம் சண்டை போடுவது எல்லாம் அய்யம்மாள் பொறுப்பு. சீனிச்சாமி அவள் சொன்ன வேலையைத் தட்டாமல் செய்வார், அவள் பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும்.

அய்யம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே வண்டி ஓட்டும் ஆசை. பிறந்த வீட்டில் டிராக்டர் இருந்தது. ஒருநாள் யாருமில்லாத நேரத்தில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய அண்ணன் பார்த்துவிட்டு, காதைப் பிடித்து இறக்கிவிட்டான். கல்யாணத்துக்குப் பிறகு டி.வி.எஸ். பிப்டி வந்தது. அதில் அவளுக்குக் கிடைத்தது பின்சீட்டு. சீனிச்சாமி வண்டி ஓட்டினால், ரோட்டோரமாக நடந்து போகிறவர்களிடம் நலம் விசாரித்து, அவர்கள் சொல்லும் பதிலையும் முழுதாகக் கேட்டுக்கொண்டு போகலாம். பின்னால் உட்கார்ந்திருக்கும் அய்யம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு வருவாள்.

அந்த ஆண்டு ஆவணியில், கொழுந்தன் செல்லப்பாண்டி தேனியில் புது வீடு கட்டிக் குடிபோனான். தனியார் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. விசேஷத்துக்குப் போன அய்யம்மாளை, பந்தி போடும் வரைக்கும் பொழுது போகட்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஒரு கார் ரேஸைப் போட்டுவிட்டான். "மதினி, இந்த அம்புக்குறிய அமுக்குனா போகும். இதை அமுக்குனா நிக்கும்" என்று காட்டிவிட்டுத் தண்ணீர் டேங்கரைக் கவனிக்கப் போனான்.

அய்யம்மாள் நிற்கும் பொத்தானைத் தொடவே இல்லை. சிவப்புக் கார் கடற்கரை ரோட்டில் பறந்தது. பாலத்தில் முட்டியது, உருண்டது, எழுந்து மறுபடியும் பறந்தது. வளைவு வரும்போதெல்லாம் அவளும் நாற்காலியோடு சாய்ந்தாள். முதல் பந்தி முடிந்தது, இரண்டாம் பந்தியும் முடிந்தது. சாப்பிடக் கூப்பிட வந்த சீனிச்சாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பிப் போய் இன்னொரு முறை சாப்பிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வீரபாண்டி தாண்டியதும் அவள் கேட்டுவிட்டாள். திராட்சைக்கு அந்தப் பருவம் நல்ல விலை கிடைத்திருந்தது. அதனால் சீனிச்சாமியால் மறுக்க முடியவில்லை.

தேனி பஜாரில் ஜெபராஜ் அண்ணாச்சியின் கடை இருந்தது. போடியில் மளிகை வியாபாரம் செய்த குடும்பம். இவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தார். ஆனாலும் மளிகைக் கடைப் பழக்கம் போகவில்லை. எதைக் கேட்டாலும், "முதல் தரமா, ரெண்டாம் தரமா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அய்யம்மாள், சீனிச்சாமி, ஆலோசனை சொல்லச் செல்லப்பாண்டி மூவரும் கடைக்குள் நுழைந்ததும் மூன்று ஸ்டூல் போட்டார்.

"யாருக்கும்மா? பேரப் பிள்ளைகளுக்கா?"

"எனக்குத்தான் அண்ணாச்சி. கார் ரேசு ஓட்டணும். சீராப் போகணும். அதுக்கு என்னென்ன வேணுமோ அதை மட்டும் குடுங்க."

ஜெபராஜ் செல்லப்பாண்டியைப் பார்த்தார். செல்லப்பாண்டி மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தான்.

கண்ணாடி அலமாரிக்குள் இருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. பச்சைப் பலகையாக மதர்போர்டு, தீப்பெட்டி அளவில் பிராசசர், சீப்பு மாதிரி ரேம். அய்யம்மாளுக்கு எல்லாம் புதிது. ஆனால் அவள் மிரளவில்லை. உரக்கடையிலும் பூச்சிமருந்துக் கடையிலும் இருபது வருஷமாகப் பேரம் பேசியவள். புரியாத பெயர்களைச் சொல்லிப் பொருளைத் தலையில் கட்டுவது எப்படியென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு அவள் ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

"இது இல்லாட்டி கார் ஓடுமா, ஓடாதா?"

பிராசசர் இல்லாவிட்டால் ஓடாது. சரி, வை. அதிலே பழைய பெயர்பெற்றது ஒன்று, ரெண்டு மூளை உள்ள புதுசு ஒன்று. "ரெண்டு மூளையே இருக்கட்டும். இவுகளுக்கும் சேத்து ஒண்ணு" என்று சீனிச்சாமியைக் காட்டினாள். ரேம் இல்லாவிட்டால் ஓடாது. வை. ஹார்ட் டிஸ்க், சி.டி. டிரைவ், வை. பிரிண்டர் இல்லாவிட்டாலும் ஓடும். வேண்டாம். மூஞ்சியைக் காட்டும் கேமரா, வேண்டாம். கீழே சக்கரம் வைத்த மேசை வேண்டாமா என்றார் ஜெபராஜ். வீட்டில் திராட்சை அடுக்கும் பெட்டிகள் இருக்கின்றன, நாலை அடுக்கினால் மேசைதான் என்றாள். ஸ்பீக்கர் விஷயத்தில் மட்டும் அவள் சட்டத்தை அவளே மீறினாள். அது இல்லாவிட்டாலும் ஓடும்தான். ஆனால் இன்ஜின் சத்தம் கேட்காமல் வண்டி ஓட்டுவது என்ன வண்டி ஓட்டுவது?

தட்டையான மானிட்டரை மூவரும் ஆசையாகப் பார்த்தார்கள். விலையைக் கேட்டதும் மூவரும் ஒன்றாகத் திரும்பி, பின்பக்கம் புடைத்த பழைய ரகத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

எல்லாவற்றையும் அடைக்கும் பெட்டிக்கு வந்தபோது ஜெபராஜின் முகம் மலர்ந்தது. மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கித் தூசி தட்டினார். முன்பக்கம் நீல விளக்கு, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே சுழலும்போது நிறம் மாறும் விசிறி. கடை திறந்த நாளிலிருந்து அது விற்காமல் கிடக்கிறது என்பது தூசியைப் பார்த்தாலே தெரிந்தது. "ரேசுக்குன்னே செஞ்ச பெட்டி தாயி" என்றார்.

"இது இல்லாட்டி..." என்று அய்யம்மாள் தொடங்குவதற்குள் சீனிச்சாமி முந்திக்கொண்டார். "திருவிழா ரத ஊர்வலம் கணக்கா இருக்குத்தா. இதையே எடு." அவர் கேட்டது இது ஒன்றுதான். அவள் விட்டுக்கொடுத்தாள்.

கடைசியில் கையில் மிச்சம் இருந்த தொகைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலை வந்தது. ஒன்று கிராபிக்ஸ் கார்டு, இல்லையென்றால் யு.பி.எஸ். இங்கேதான் ஆலோசகர்கள் இருவரும் மோதிக்கொண்டார்கள்.

"கார்டு இல்லாட்டி ஓடுமா?" என்றாள் அய்யம்மாள்.

"ஓடாது மதினி, ஊரும்" என்றான் செல்லப்பாண்டி. "அண்ணன் டி.வி.எஸ். பிப்டி ஓட்டுறது மாதிரி இருக்கும்."

அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆனாலும் நியாயமாக ஜெபராஜிடமும் கேட்டாள். "யு.பி.எஸ். இல்லாட்டி ஓடுமா அண்ணாச்சி?"

"ஓடும் தாயி. ஆனா கரண்டு ஏறி எறங்குனா..."

"ஓடும்ல?"

"ஓடும். ஆனா உங்க ஊர்ப் பக்கம்..."

"ஓடும்னா அப்புறம் என்ன? கார்டையே போடுங்க."

ஜெபராஜ் அதற்குமேல் பேசவில்லை. வாங்க வந்தவர் வேண்டாம் என்ற பொருளை இரண்டு முறைக்குமேல் எடுத்துச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வியாபார முறை.

சின்னமனூர் பஸ்ஸில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு அய்யம்மாளும், நீல விளக்குப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சீனிச்சாமியும் வந்தார்கள். இதற்கும் டிக்கெட் உண்டா என்று சீனிச்சாமி கேட்டார். பிள்ளை மாதிரி மடியில் வைத்திருப்பதால் அரை டிக்கெட் போடலாமா என்று கண்டக்டர் திருப்பிக் கேட்டார்.

செல்லப்பாண்டி ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிக் காட்டினான். பக்கத்துத் தோட்டத்து அன்னத்தாயும் அவள் புருஷன் ஒச்சாண்டியும் வந்து வாசலில் நின்று பார்த்தார்கள். "மக வந்தா எழுதிப் படிக்கவா?" என்று அன்னத்தாய் விசாரித்தாள்.

"இல்ல. நான் வெளையாட."

அன்னத்தாய் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலத்துக்குள், "லெப்டுல ஒடி, லெப்டுல ஒடி" என்று அவளும் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. காலை வேலைகளை முடித்து, கஞ்சியைக் குடித்துவிட்டு, மதியம் அய்யம்மாள் உட்காருவாள். சீனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போவார். தான் விளையாடும் நேரத்தில் புருஷன் வேலை பார்க்கிறார் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கூச்சமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதன்பிறகு தொல்லை ஆரம்பித்தது. ரேஸில் நாலைந்து வண்டிகளைத் தாண்டி முன்னுக்கு வரும் நேரத்தில் திரை பொசுக்கென்று கறுத்துவிடும். நீல விளக்கு அணைந்து மறுபடி எரியும். கம்ப்யூட்டர் முதலிலிருந்து எழுந்து வரும். கார் புறப்பட்ட இடத்தில் நிற்கும். தினமும் இதே கதை.

செல்லப்பாண்டி வந்தான். ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டினான். அன்று சாயங்காலம் நன்றாக ஓடியது. மறுநாள் மதியம் நின்றது. சூடாகிறதோ என்று பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி, டேபிள் பேனைத் திருப்பி வைத்தார்கள். நின்றது. அன்னத்தாய், கண்ணேறுதான் என்று அடித்துச் சொன்னாள். எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து நீல விளக்குக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். அப்போதும் நின்றது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி தேனிக்குப் போனார்கள். மிளகாயைப் பார்த்த ஜெபராஜ் ஒன்றும் கேட்காமல் அதைப் பத்திரமாகக் கழற்றி வைத்தார். உள்ளே கரண்டு பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.மேல் சந்தேகப்பட்டு, அதை மாற்றினார். காலையிலிருந்து கடை அடைக்கும் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கடைக்கு வந்த ஆட்கள் எல்லாம் ஆளுக்கொரு சுற்று ஓட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள். மதியம் நின்றது.

அய்யம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ரேஸையாவது நிம்மதியாக முடிக்க விதியில்லையா என்று மனசுக்குள் குமைந்தாள். டிராக்டரிலிருந்து காதைப் பிடித்து இறக்கியது மாதிரி, தினமும் யாரோ இறக்கிவிடுகிறார்கள்.

அந்தச் சமயத்தில் வடுகபட்டியில் ஒரு துக்கம். சீனிச்சாமி மட்டும் போனார். ராத்திரி தங்கிவிட்டு மறுநாள்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று மதியம் அய்யம்மாள் சலிப்போடு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. முதல் ரேஸ் முடிந்தது. கடைசி ஆளாக வந்தாலும் முடிந்தது. இரண்டாவது ரேஸும் முடிந்தது. பொழுது சாய்கிற வரைக்கும் ஓட்டினாள். ஸ்பீக்கரில் கைதட்டல் சத்தம் கேட்டபோது, அவள் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்தாள்.

சீனிச்சாமி மறுநாள் வந்து குளித்துச் சாப்பிட்டதும், எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. நான் கம்ப்யூட்டர்ல உக்காந்தா நீங்க என்ன செய்றீக?"

சீனிச்சாமிக்கு முகம் வெளிறியது. இத்தனை நாள் தெரியாமல் இருந்தது எப்படித் தெரிந்தது என்று புரியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"கொஞ்ச நேரம் கண்ணசருவேன்" என்றார்.

"எங்கன?"

"கெணத்தடி வேப்ப மரத்துக்குக் கீழ."

"அதுக்கு முந்தி என்ன செய்வீக?"

"துண்ட விரிப்பேன்."

"அதுக்கும் முந்தி?"

"மோட்டாரப் போட்டு விடுவேன்."

"தூங்குறதுக்கு எதுக்கு மோட்டாரு?"

சீனிச்சாமி சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னார். "மொத ஒரு வாரம் சும்மாதான் படுத்தேன். அப்புறந்தான் தோணுச்சு, மோட்டார்ச் சத்தம் கேட்டா, நான் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்கேன்னு நெனைச்சுக்கிருவேல்ல. அதுக்குத்தான்."

அய்யம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "எந்திரிங்க" என்றாள். அடி விழும் என்று நினைத்து எழுந்தவரை, "போய் மோட்டாரப் போடுங்க" என்று கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். தூரத்தில் மோட்டார் உறுமியது. தலைக்கு மேலே மின்விசிறி ஒரு நொடி தள்ளாடியது. திரை கறுத்தது.

வீட்டுக்கும் கிணற்றுக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் கம்பி போனது. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் இழுப்பில் வீட்டுக்கு வரும் கரண்டு தாழ்ந்துவிடும். பகல் நேரமாதலால் விளக்குப் போடவில்லை, கண் முழுக்கத் திரையிலேயே இருந்ததால் விசிறியையும் அவள் கவனிக்கவில்லை. செல்லப்பாண்டிக்குப் போனில் சொன்னாள். "அதுக்குத்தான் மதினி யு.பி.எஸ்.ங்கிறது" என்றான், குரல் இறங்கி. கார்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் அவன்.

அடுத்த பழ வெட்டு வரும் வரைக்கும் யு.பி.எஸ்.சுக்கு வழியில்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மோட்டார் போடுமுன் சீனிச்சாமி செல்போனில் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அவள் ரேஸை முடித்துவிட்டுத் திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போடலாம். அந்த மாதம் பகலில் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்த ஒச்சாண்டியின் மோட்டாரும் அதே கம்பியில்தான் இருந்தது. அவரிடம் செல்போன் இல்லை. வரப்பில் நடந்து வந்து ஜன்னலோரம் நின்று, "மோட்டாரப் போடலாமாத்தா, இல்ல இன்னும் ஒரு சுத்து கெடக்கா?" என்று கேட்பார். அய்யம்மாள் திரும்பாமல் கையை மட்டும் காட்டுவாள். ஒச்சாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அந்தச் சுற்றைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் போவார். அவருடைய கொடிகளுக்கு அந்த மாதம் தண்ணீர் தாமதமாகத்தான் கிடைத்தது.

மார்கழி முடிவதற்குள் அய்யம்மாள் எல்லா ரேஸிலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட்டாள். அந்தத் தைரியத்தில் ஒருநாள் டி.வி.எஸ். பிப்டியை எடுத்தாள். வண்டி நேராகப் போய்த் திராட்சைப் பந்தலின் கல்தூணில் முட்டியது. திரையில் இடித்தால் கார்தான் நெளியும். இங்கே முழங்கால் பிசகியது. விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் மறுபடி எடுத்தாள். சீனிச்சாமி வண்டிச் சாவியை ஒளித்துவைக்கலாமா என்று யோசித்தார். ஆனால் சாவியை ஒளித்தால் அவள் விளையாட உட்காருவாள், அப்புறம் மோட்டாருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டியிருக்கும். ஓட்டட்டும் என்று விட்டுவிட்டார்.

மாசியில் பழம் வெட்டி முடிந்ததும் அவளே ஓட்டிக்கொண்டு தேனிக்குப் போனாள். பின்சீட்டில் சீனிச்சாமி. ஜெபராஜ் யு.பி.எஸ்.ஸை எடுத்து வைத்துக்கொண்டு, இதை முன்பே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காபி சாப்பிடுதீங்களா தாயி?" என்று மட்டும் கேட்டார். அவர் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. வரும்போது சீனிச்சாமி அந்தக் கனமான பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வந்தார். வழியில் யாரிடமும் நலம் விசாரிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட் வந்தது. செல்லப்பாண்டி புதிதாக ஒரு விளையாட்டைக் காட்டினான். நிலம் உழுவது, விதை போடுவது, அறுப்பது. அய்யம்மாள் பார்த்துவிட்டு எழுந்துவிட்டாள். "வெயில்ல நின்னு பாக்குற வேலைய, விசிறிக்குக் கீழ உக்காந்தும் பாக்கணுமா?" என்றாள்.

சீனிச்சாமி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. விடியுமுன் எழுந்து முட்டைக்கோசு அறுத்தார். வெள்ளாமை வாடிவிடக் கூடாதென்று சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினார். முப்பது வருஷத்தில் நம் தோட்டத்துக்கு ஒருநாள் இப்படி எழுந்ததுண்டா என்று அய்யம்மாள் கேட்டதற்கு, "இங்கன அறுத்த ஒடனே காசு விழுதுத்தா. நம்ம யாவாரி மூணு மாசம்ல இழுக்கான்" என்றார். காலை நேரம் அவருக்கு, மதியம் அவளுக்கு என்று நாற்காலியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு சித்திரையில் ஒரு நாள் பெருங்காற்று அடித்து மேற்குப் பக்கப் பந்தல் சரிந்துவிட்டது. அய்யம்மாளும் அன்னத்தாயும் கூலியாட்களும் காலையிலேயே கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கை போதாமல் சீனிச்சாமிக்குப் போன் போட்டாள்.

"இந்தா வந்துட்டேன். கத்திரிக்காயப் பறிச்சுப் போட்டுட்டு ஓடியாறேன்" என்றார்.

"எங்கன இருக்காக அண்ணன்?" என்று கேட்டாள் அன்னத்தாய்.

"கத்திரிக்காய் பறிச்சுக்கிட்டு இருக்காகளாம். முன்ன மாதிரி இல்ல அன்னத்தாய், இப்பல்லாம் சொல்லாமயே வேலைகளைச் செய்றாக" என்றாள் அய்யம்மாள், கொஞ்சம் பெருமையாகவே. கம்பிச் சுருள் எடுத்துவர வீட்டைப் பார்த்து நடந்தாள். அந்த வருஷம் அவர்கள் கத்திரி போடவே இல்லை என்பது, வரப்பில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.